லண்டன் ஃப்ளாட் லீஸ் நீட்டிக்கிறது: அந்த லெட்டர்ல கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி

2025 ஜூன் மாசம் எங்க ஃப்ரீஹோல்டர் (நிலமும் கட்டடமும் யார் பேர்ல இருக்கோ அவர்) கிட்ட இருந்து ஒரு லெட்டர் வந்துச்சு. உங்க லீஸை 125 வருஷமா ஆக்கித் தர்றோம், 6,500 பவுண்ட் கட்டுங்க, 28 நாளைக்குள்ள பதில் சொல்லுங்கன்னு ஒரே பக்கத்துல போட்டிருந்தாங்க. படிச்சவுடனே எங்களுக்கு சந்தோஷம்தான். என் வீட்டுக்காரர் பேனாவை எடுத்துட்டார். கடைசி பாராவுல "தற்போதைய கிரவுண்ட் ரென்ட் தொடரும்"னு ஒரு வரி இருந்துச்சு (நிலத்துக்குன்னு வருஷா வருஷம் ஃப்ரீஹோல்டருக்கு கட்டுற வாடகை), அது என்னன்னு கேட்டுட்டு போடலாமேன்னு நான் சொன்னேன், அவ்வளவுதான். அந்த ஒரு வரிய கேக்கப் போய்தான் அடுத்த ஆறு மாசம் இதுலயே போச்சு. இப்போ இல்ஃபோர்ட், ஈஸ்ட்ஹாம், ஹாரோ பக்கம் நம்ம ஆளுங்க நிறைய பேர் இதே மாதிரி லெட்டரை கையில வச்சுக்கிட்டு கேக்கிறாங்க, அதனால எங்களுக்கு என்னென்ன வழி இருந்துச்சு, எதை ஏன் விட்டோம், எதை ஏன் எடுத்தோம்னு முழுசா எழுதிடறேன்.

முதல்ல ஒரு விஷயம். நம்ம ஊர்ல ஃப்ளாட் வாங்கினா யூடிஎஸ்னு நிலத்துல ஒரு பங்கு நம்ம பேருக்கு பத்திரத்துலயே வரும். இங்க இங்கிலாந்து, வேல்ஸ்ல ஃப்ளாட் வாங்கினா பெரும்பாலும் அப்படி கிடையாது. இத்தனை வருஷம் இந்த வீட்ல இருந்துக்கலாம்ங்கிற உரிமையைத்தான் வாங்குறோம். நிலமும் கட்டடமும் ஃப்ரீஹோல்டர் பேர்ல. வருஷம் முடிஞ்சா வீடு அவருக்கே திரும்பப் போகும். மதுரைல எங்க அம்மா கிட்ட போன்ல "லீஸ் முடியப் போகுது"ன்னு சொன்னப்ப, அவங்க ஒத்திக்கு இருக்கிறதா நினைச்சு பதறிட்டாங்க, மூணு லட்சம் பவுண்ட் குடுத்து ஒத்திக்கா இருக்கீங்கன்னு. அவங்களுக்கு புரிய வைக்கிறப்பதான் எனக்கே முழுசா புரிஞ்சுது. ஸ்காட்லாந்துல இருக்கிறவங்களுக்கு இந்தப் பிரச்சினை இல்லை, அங்க சட்டமே வேற.

எங்க கட்டடம் 2007ல கட்டினது. லீஸ் 2007 ஜனவரி 1ல இருந்து 99 வருஷம், அதாவது 2105 டிசம்பர் 31 வரைக்கும். நாங்க வாங்கினது 2024 மார்ச். 81 வருஷத்துக்கு மேல இருக்குன்னு சொன்னாங்க, நம்ம காலம் தாண்டி பிள்ளைங்க காலமும் தாண்டுமேன்னு விட்டுட்டோம். வாங்கும்போது எங்களுக்கு பார்த்த வக்கீல் இதைப் பத்தி ரிப்போர்ட்ல ஒரு வரி எழுதியிருந்தார், ஆனா 80ங்கிற நம்பருக்கு என்ன அர்த்தம்னு யாரும் எடுத்து சொல்லலை.

அந்த 80தான் எல்லாம். 1993ல வந்த ஒரு சட்டம், லீஸை இன்னும் 90 வருஷம், கிரவுண்ட் ரென்ட் இல்லாம நீட்டிக் கேக்க நமக்கு உரிமை குடுக்குது. அந்த சட்டப்படி நீட்டிக்க ஃப்ரீஹோல்டருக்கு குடுக்க வேண்டிய பணத்துல முக்கியமா மூணு பகுதி இருக்கு. ஒண்ணு, லீஸ் முடிஞ்சா வீடு அவருக்கு வரும் இல்லையா, அது இன்னும் 90 வருஷம் தள்ளிப் போகுது, அந்த நஷ்டத்துக்கு ஈடு. இன்னொண்ணு, இனிமே அவருக்கு வராத கிரவுண்ட் ரென்ட்டுக்கு ஈடு. மூணாவது மேரேஜ் வேல்யூ. லீஸ் நீண்டவுடனே வீட்டு விலை ஏறுது இல்லையா, அந்த ஏத்தத்துல பாதி அவருக்கு. லீஸ் 80 வருஷத்துக்கு மேல இருந்தா இந்த மூணாவது பகுதியே கிடையாது. 80 தொட்டுட்டா உண்டு. எங்க லீஸுக்கு அந்த நாள் 2025 டிசம்பர் 31. லெட்டர் வந்தது ஜூன்ல. அவங்களுக்கு தேதி தெரியாம லெட்டர் போட்டிருப்பாங்கன்னு எனக்கு தோணலை.

கணக்கை வெளிப்படையா சொல்றேன், அப்பதான் உங்க வீட்டுக்கு நீங்களே உத்தேசமா போட்டுப் பாக்க முடியும். வீட்டு விலை 3 லட்சம் பவுண்ட், கிரவுண்ட் ரென்ட் வருஷத்துக்கு 250, ஏறாது. 80 வருஷம் 3 மாசம் கழிச்சு வரப்போற 3 லட்சத்தோட இன்னைய மதிப்பு எவ்வளவுன்னு 5 சதவீதத்துல பின்னோக்கி கணக்கு போடுவாங்க (ஃப்ளாட்டுக்கு அந்த 5 சதவீதம் 2006ல ஸ்போர்ட்டெல்லி கேஸ்ல நிலைச்சது), புது லீஸ் முடிஞ்சு வரப்போறதோட மதிப்பை (75 கிட்ட) அதுல கழிச்சா கிட்டத்தட்ட 5,900. கிரவுண்ட் ரென்ட்டுக்கு 6 சதவீதம் வச்சா 4,100. மொத்தம் 10,000. அதே வீட்டுக்கு 79 வருஷம்தான் பாக்கின்னு வச்சுக்கோங்க, முதல் ரெண்டும் சேர்த்து 10,400 ஆகுது, அதுக்கு மேல மேரேஜ் வேல்யூ பங்குன்னு இன்னொரு 3,800 கிட்ட ஏறி 14,200 ஆகிடுது. 79 வருஷ லீஸ் உள்ள ஃப்ளாட்டோட விலை, நீண்ட லீஸ் உள்ள விலைல 94 சதவீதம்னு எங்க வேல்யூவர் (வீட்டுக்கு மதிப்பு போடுறவர்) எடுத்த கணக்கு அது. அந்த சதவீதத்துலதான் ரெண்டு பக்க வேல்யூவர்களும் சண்டை போடுவாங்க, அதனால ஒவ்வொரு கேஸ்லயும் கொஞ்சம் மாறும். ஆனா பதினஞ்சு மாசம் தள்ளிப் போட்டா நாலாயிரம் பவுண்டுங்கிறது நெஞ்சைப் பிடிக்கிற கணக்குதான்.

இப்போ அந்த லெட்டர். இதை இன்ஃபார்மல் வழின்னு சொல்வாங்க, சட்டத்துக்கு வெளிய ரெண்டு பேரும் பேசி முடிச்சுக்கிறது. 6,500 தானே, 10,000த்தை விட குறைச்சல்னு முதல்ல தோணும். ஆனா அதுல கிடைக்கிறது கிட்டத்தட்ட 45 வருஷம்தான், 125க்கு கொண்டு வந்து விடுவாங்க, அவ்வளவே. கிரவுண்ட் ரென்ட் 250 பழைய லீஸ் முடியிற வரைக்கும் ஓடும். 2022 ஜூன் 30ல அமலுக்கு வந்த சட்டத்தால புதுசா சேர்க்கிற வருஷங்களுக்கு கிரவுண்ட் ரென்ட் வாங்க முடியாது, பழைய தொகையை ஏத்தவும் முடியாது, ஆனா பாக்கி இருக்கிற 80 வருஷத்துக்கு பழையபடி வாங்கலாம். 80 வருஷம் பெருக்கல் 250, கைல இருந்து போறது 20,000 பவுண்ட். அதோட இன்னைய மதிப்புன்னு நியாயமா பார்த்தாலும் 4,100. ஆக 6,500ம் 4,100ம் சேர்ந்தா 10,600. 45 வருஷத்துக்கு 10,600, இல்லைன்னா சட்டப்படி போனா 90 வருஷத்துக்கு 10,000, கிரவுண்ட் ரென்ட் பூஜ்யம். இதை ஒரு பேப்பர்ல பக்கத்துல பக்கத்துல எழுதி வச்சு பார்த்தப்பதான் வீட்டுக்காரர் பேனாவை மூடினார்.

இன்னும் ரெண்டு விஷயம் அந்த வழில எனக்கு பிடிக்கலை. அவங்க அனுப்பின டிராஃப்ட் லீஸ்ல வாடகைக்கு விடுறதா இருந்தா ஒவ்வொரு தடவையும் அவங்க கிட்ட அனுமதி, அதுக்கு ஃபீஸ்னு ஒரு புது ஷரத்து நுழைஞ்சிருந்துச்சு, எங்க பழைய லீஸ்ல அது இல்லை. அடுத்தது தேதி. பேசிக்கிட்டே இருக்கலாம், எதுவும் யாரையும் கட்டாது. நான் ஒரு சந்தேகம் கேட்டு ஈமெயில் போட்டா பதில் வர மூணு வாரம் ஆச்சு, இப்படியே ரெண்டு தடவை. ஆகஸ்ட் வந்துடுச்சு. இந்த வேகத்துல டிசம்பர் தாண்டி, ஜனவரில "ஸாரி, இப்போ விலை வேற"ன்னு சொன்னா நம்மால ஒண்ணும் பண்ண முடியாது.

அதுக்காக இன்ஃபார்மலே தப்புன்னு சொல்ல மாட்டேன். கட்டடத்தோட ஃப்ரீஹோல்ட் குடியிருக்கிறவங்க கம்பெனி கையிலேயே இருந்தா, 999 வருஷம், ரென்ட் பூஜ்யம்னு வக்கீல் செலவோட முடிஞ்சிடும், அங்க நோட்டீஸ் எல்லாம் தேவையே இல்லை. வீட்டை அவசரமா விக்கணும், ஃப்ரீஹோல்டரும் நல்ல மனுஷன், 90 வருஷத்துக்கு குறையாம பூஜ்ய ரென்ட்ல தர்றேங்கிறார்னா தாராளமா எடுத்துக்கலாம். லெட்டர்ல இருக்கிற தொகையை மட்டும் பார்த்து கையெழுத்து போடாதீங்கங்கிறதுதான் நான் சொல்ல வர்றது. எத்தனை வருஷம், ரென்ட் என்ன ஆகுது, ஷரத்து எது மாறுது, இந்த மூணும் சேர்ந்ததுதான் விலை.

சட்டப்படி போற வழியை செக்‌ஷன் 42 நோட்டீஸ்னு சொல்வாங்க. இதுல எங்களுக்கு ஒரு பெரிய அதிர்ஷ்டம் இருந்துச்சு. முன்னாடி எல்லாம் வீட்டை வாங்கி ரெண்டு வருஷம் ஆனாதான் இந்த நோட்டீஸ் குடுக்க முடியும். அந்த விதி இருந்திருந்தா நாங்க 2026 மார்ச் வரைக்கும் காத்திருக்கணும், அதுக்குள்ள 80க்கு கீழ போயிருப்போம். 2025 ஜனவரி 31ல அந்த ரெண்டு வருஷ விதியை எடுத்துட்டாங்க. அதனால இப்போ வீடு வாங்கினவங்க பதிவு ஆனவுடனேயே நோட்டீஸ் குடுக்கலாம், இது இன்னும் நிறைய பேருக்கு தெரியலை, தயவுசெஞ்சு தெரிஞ்சவங்களுக்கு சொல்லுங்க.

நோட்டீஸ் குடுத்த நாள்தான் மதிப்பு போடுற நாள். அதுக்கப்புறம் எவ்வளவு இழுத்தாலும் 80க்கு மேல இருந்த கணக்குதான் செல்லும். எங்களுக்கு நிம்மதி குடுத்தது இதுதான். செப்டம்பர்ல ஒரு வேல்யூவர் வந்தார், ரெண்டு ரூமையும் லேசர் வச்சு அளந்தார், பால்கனி கதவுக்கு மேல ஈரம் பட்டு உரிஞ்ச இடத்தை போட்டோ எடுத்தார், கிச்சன்ல நாங்க போன வருஷம் மாத்தின அலமாரியை காட்டி இது உங்க செலவான்னு கேட்டார். நம்ம செலவுல நாம பண்ணின மேம்பாட்டால கூடின விலையை கணக்குல சேக்கக் கூடாதாம், அதனால ரசீது இருந்தா எடுத்து வைங்கன்னார். நான் ஐகியா டப்பாவுக்குள்ள தேடி ரசீது எடுத்துக் குடுத்தேன். 10,000ல முடியும், நோட்டீஸ்ல 8,200னு ஆரம்பிங்கன்னு எழுதிக் குடுத்தார். அடிமாட்டு விலை போட்டா நோட்டீஸே செல்லாதுன்னு எதிர்த்தரப்பு வாதம் பண்ண இடம் குடுத்துடும், அதனால நியாயமான தொகையா இருக்கணும்.

செப்டம்பர் கடைசில நோட்டீஸ் போச்சு. ஃப்ரீஹோல்டருக்கு குறைஞ்சது ரெண்டு மாசம் டைம் குடுக்கணும், அதுக்குள்ள அவங்க பதில், அதாவது கவுண்டர் நோட்டீஸ், வரணும். நோட்டீஸ்ல சொன்ன தொகைல 10 சதவீதம் வரைக்கும் டெபாசிட் கேக்கலாம், கேட்டாங்க, 820 பவுண்ட் கட்டினோம். நவம்பர் கடைசில கவுண்டர் நோட்டீஸ், 13,500 வேணும்னு. அப்புறம் ரெண்டு வேல்யூவரும் பேசி 10,600ல நின்னுச்சு. பேச்சு முடியலைன்னா கவுண்டர் நோட்டீஸ் வந்த நாள்ல இருந்து ரெண்டு மாசம் கழிச்சு, ஆறு மாசத்துக்குள்ள ட்ரிப்யூனலுக்கு (தீர்ப்பாயத்துக்கு) மனு போடணும். அந்த ஆறு மாசத்தை தவற விட்டா நோட்டீஸை வாபஸ் வாங்கினதா ஆகிடும், அடுத்த நோட்டீஸுக்கு 12 மாசம் காத்திருக்கணும், அதுக்குள்ள 80 போயே போயிடும். அதனாலதான் வீடு வாங்கும்போது பார்த்த வக்கீல் கிட்டயே குடுக்காம இந்த வேலையை மட்டும் தினமும் பண்றவங்களை தேடிப் பிடிச்சோம். இதுக்குன்னே ஏலெப்னு ஒரு சங்கம் இருக்கு, அதுல இருக்கிற சொலிசிட்டர், வேல்யூவர் லிஸ்ட்ல பாக்கலாம். அரசாங்கப் பணத்துல நடக்கிற லீஸ்ஹோல்ட் அட்வைசரி சர்வீஸ்ல இலவசமா ஆலோசனையும் கிடைக்கும், நான் முதல்ல பேசினது அங்கதான்.

இந்த வழில கசப்பு செலவுதான். நம்ம வக்கீல், நம்ம வேல்யூவர் போக அவங்க வக்கீலுக்கும் வேல்யூவருக்கும் நியாயமான ஃபீஸை நாமதான் கட்டணும். எங்களுக்கு எல்லாம் சேர்த்து 4,000 பவுண்ட் கிட்ட ஆச்சு. ஆனா இன்ஃபார்மல்லயும் அவங்க வக்கீல் செலவுக்கு 1,500 கேட்டிருந்தாங்க, நம்ம வக்கீலும் இல்லாம முடியாது, அதனால வித்தியாசம் நினைச்ச அளவு பெருசு இல்லை.

நடுவுல இன்னொரு வழியையும் ஓடி ஓடிப் பார்த்தோம், எல்லாரும் சேர்ந்து ஃப்ரீஹோல்டையே வாங்குறது. மனசுக்கு பிடிச்ச வழி எனக்கு இதுதான். நிலமும் நம்மது, மேனேஜிங் ஏஜென்ட்டையும் நாமளே மாத்தலாம், லீஸை 999 வருஷமா நமக்கு நாமே எழுதிக்கலாம். எங்க கட்டடத்துல 24 ஃப்ளாட். பாதி, அதாவது 12 பேர் சேரணும். ரெண்டு சனிக்கிழமை நானும் மூணாவது மாடி குஜராத்தி அக்காவும் கதவு கதவா தட்டினோம். பாதி கதவைத் திறந்தது வாடகைக்கு இருக்கிற பசங்க, ஓனர் துபாய்ல இருக்கார், சிங்கப்பூர்ல இருக்கார்னாங்க. 9 பேர் சரின்னாங்க. சேராதவங்க ஃப்ளாட்டுக்கான பங்கையும் சேர்ந்தவங்கதான் போடணும்ங்கிறது தெரிஞ்சதும் 9 பேர் 6 ஆனாங்க. அங்கேயே விட்டுட்டோம். ஆனா டூட்டிங்ல என் ஃப்ரெண்ட் இருக்கிறது பழைய வீட்டை மேல கீழ பிரிச்ச ரெண்டே ஃப்ளாட், அங்க ரெண்டு பேரும் சம்மதிச்சா போதும் (ரெண்டு பேருமே சம்மதிக்கணும்), அவ மேல்வீட்டுக்காரங்களோட சேர்ந்து வாங்கிட்டா. அந்த மாதிரி சின்ன வீட்ல இருக்கிறவங்க லீஸ் நீட்டிக்கிறதை பத்தி யோசிக்கிறதுக்கு முன்னாடி இதைத்தான் யோசிக்கணும். கூட்டுக் கிணறு மாதிரிதான், கூரை ஒழுகினா, இன்ஷூரன்ஸ் கட்டணும்னா மேல்வீட்டோட பேசித்தான் ஆகணும், அந்த உறவு நல்லா இருந்தா இதை விட நல்ல வழி இல்லை.

ரைட் டு மேனேஜ் எடுத்தா போதாதான்னு ஒருத்தர் கேட்டார். அது கட்டடத்தை நிர்வாகம் பண்ற உரிமை மட்டும்தான், லீஸ் ஒரு நாள் கூட கூடாது.

கடைசியா, எல்லாரும் கேக்கிற கேள்வி, புது சட்டத்துக்கு காத்திருக்கலாமா. 2024 மே 24ல பாஸ் ஆன சட்டத்துல 990 வருஷ நீட்டிப்பு, மேரேஜ் வேல்யூ கிடையாது, பொதுவா அவங்க செலவை நாம கட்ட வேண்டாம், கணக்குல எடுக்கிற கிரவுண்ட் ரென்ட் வீட்டு விலைல 0.1 சதவீதம் தாண்டக் கூடாது, இப்படி நல்லது நிறைய இருக்கு. ஃப்ரீஹோல்டர்கள் இதை எதிர்த்து கோர்ட்டுக்குப் போய், 2025 அக்டோபர்ல ஹைகோர்ட் தள்ளுபடி பண்ணிடுச்சு. ஆனா நான் இதை எழுதுற வரைக்கும் இந்த பகுதிகள் அமலுக்கு வரலை. கணக்குக்கு எத்தனை சதவீதம் வச்சு பின்னோக்கிப் போடணும்ங்கிறதை அரசாங்கம் தனியா அறிவிக்கணும், அந்த 5 சதவீதம் 4 ஆனாலே தொகை தலைகீழா மாறிடும்.

எங்க நிலைமைக்கு காத்திருக்கிறதுல பெரிய லாபம் இல்லை. நாங்க 80க்கு மேல, மேரேஜ் வேல்யூ ஏற்கனவே கிடையாது. 3 லட்சத்துல 0.1 சதவீதம் 300, எங்க ரென்ட் 250, அதனால அந்த உச்சவரம்பாலயும் பிரயோஜனம் இல்லை. சட்டம் வர லேட் ஆனா மட்டும் நஷ்டம். ஆனா மூணாவது மாடி அக்காவோட தம்பிக்கு வேற ஒரு கட்டடத்துல 68 வருஷம்தான் பாக்கி. அவர் வீடும் எங்க விலைதான், அவருக்கு இப்போ நீட்டிச்சா 22,000 கிட்ட வருது, அதுல 7,500 மேரேஜ் வேல்யூ. அவர் ஏற்கனவே கோட்டைத் தாண்டிட்டார், விக்கிற யோசனையும் இல்லை, மார்ட்கேஜ் அஞ்சு வருஷத்துக்கு ஃபிக்ஸ் பண்ணி வச்சிருக்கார். அவர் காத்திருக்கிறது எனக்கு நியாயமாப் படுது. அதே 68 வருஷத்தோட அடுத்த வருஷம் விக்கணும், இல்லை பேங்க் மாத்தணும்னா காத்திருக்க முடியாது, லீஸ் குறைய குறைய கடன் குடுக்கிற பேங்க் குறைஞ்சுகிட்டே போகும், வாங்க வர்றவங்க கையில ரொக்கம் இருந்தாதான் உண்டு. அப்படி விக்கிறவங்க ஒண்ணு பண்ணலாம், நோட்டீஸை தன் பேர்ல குடுத்துட்டு வீட்டோட சேர்த்து அந்த நோட்டீஸோட உரிமையையும் வாங்குறவர் பேருக்கு எழுதிக் குடுத்துடலாம். பணத்தை வாங்குறவர் கட்டுவார், விலைல பேசிக்குவாங்க, தேதி மட்டும் இன்னைக்கே உறைஞ்சிடும்.

உங்க லீஸ் எப்போ ஆரம்பிச்சதுன்னு தெரியலைன்னா லேண்ட் ரெஜிஸ்ட்ரி வெப்சைட்ல 7 பவுண்டுக்கு டைட்டில் ரெஜிஸ்டர் எடுக்கலாம். அதுல தேதியும் எத்தனை வருஷம்ங்கிறதும் இருக்கும். ஏஜென்ட் சொன்ன நம்பரையோ விளம்பரத்துல போட்ட நம்பரையோ நம்பாதீங்க, எங்களுக்கு ஏஜென்ட் "82"ன்னு சொல்லி வித்தார், உண்மைல 82 முடிய ரெண்டு மாசம் குறைச்சல். 80 கிட்ட வரும்போது அந்த ரெண்டு மாசம்தான் பிரச்சினையே.

எங்க புது லீஸ் போன வாரம் பதிவாகி வந்துச்சு. 2195 டிசம்பர் 31 வரைக்கும், கிரவுண்ட் ரென்ட் இருந்த இடத்துல ஒரு பெப்பர்கார்ன்னு போட்டிருக்கு, அதாவது ஒரு மிளகு. அம்மா கிட்ட படிச்சுக் காட்டினேன். இந்த தடவை அவங்க கேட்டது ஒண்ணே ஒண்ணுதான், அந்த 9 பேர் கிட்ட திரும்ப ஒரு தடவை பேசிப் பாரேன்னு.